டிசம்பர் கேக்குக்கு செப்டம்பரிலேயே பழம் ஊறுவது ஏன்?

செப்டம்பர் இரண்டாவது வாரம், முதல் இன்டர்னல் டெஸ்ட் நடக்கிற நேரம் பார்த்து வருஷா வருஷம் வீட்டிலிருந்து ஒரு போன் வரும். "மக்ளே, பழம் ஊறப் போட்டாச்சு கேட்டியா?" பரீட்சை எப்படி எழுதினாய் என்பதெல்லாம் அதற்கு அடுத்த கேள்விதான். எங்கள் ஊர் நாகர்கோவில் பக்கம். ஸ்டார் கட்டுவதற்கும் குடில் போடுவதற்கும் ரொம்ப முன்னாடியே எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் வேலை ஒரு பீங்கான் பரணியில் தொடங்கிவிடும். காய்ந்த திராட்சை, பேரீச்சை, டூட்டி ஃப்ரூட்டி, ஆரஞ்சுத் தோல் மிட்டாய், இஞ்சி முரப்பா எல்லாவற்றையும் பொடிப்பொடியாக நறுக்கி, ரம் ஊற்றி, மூடி, அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிடுவார்கள். டிசம்பர் வரை அது அங்கேதான். வாரம் ஒருமுறை இறக்கி ஒரு குலுக்கு.

ஹாஸ்டலில் இதைச் சொன்னால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "எதுக்குடா மூணு மாசம்? ஒரு நைட் ஊறினா பத்தாதா?" நான் கெமிக்கல் மூன்றாம் வருஷம். மாஸ் டிரான்ஸ்ஃபர் பேப்பர் படிப்பவன். ஆனாலும் போன வருஷம் வரைக்கும் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. பதில் தேடப் போய் ஒரு ரெக்கார்டு நோட்டு நாசமானது, வார்டனுக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுத வேண்டி வந்தது. அந்தக் கதையையும் கணக்கையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கதை முதல் வருஷத்தில் ஆரம்பிக்கிறது. கிறிஸ்துமஸ் லீவு முடிந்து வீட்டு கேக்கோடு வந்தேன். ரூம்மேட் ராமநாதபுரம் பக்கத்துக்காரன், மார்க்கப்படி மது தொடாதவன். "இதுல எதுவும் கலந்திருக்கா?" என்று கேட்டான். "ரம்ல ஊறின பழம்தான், ஆனா அவன்ல வெச்சா ஆல்கஹால் முழுக்க ஆவியாகிடும்டா" என்றேன். ஊரில் எல்லோரும் சொல்வது அதுதானே? எத்தனால் கொதிப்பது 78 டிகிரியில், கேக் வேகும் அவனோ 160 டிகிரி, அப்புறம் எப்படி மிச்சம் இருக்கும்? அவன் நம்பிச் சாப்பிட்டான்.

இரண்டாம் வருஷம் டிஸ்டிலேஷன் பாடம் வந்தபோதுதான் உறைத்தது. எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்த கலவை 78 டிகிரியில் எத்தனாலை மட்டும் தனியாக அனுப்பிவிடாது. இரண்டும் சேர்ந்தேதான் ஆவியாகும். எத்தனால் குறையக் குறைய மிச்சத்தை வெளியேற்றுவது கஷ்டமாகிக்கொண்டே போகும். அதோடு, அவன் 160-ல் இருந்தாலும் கேக்கின் உள்பக்கம் ஈரம் இருக்கும்வரை 100-ஐத் தாண்டாது. தேடிப் பார்த்தால் அமெரிக்க விவசாயத் துறை இதற்கு ஒரு அட்டவணையே வைத்திருக்கிறது. கலவையில் சேர்த்து 15 நிமிஷம் வேகவைத்தால் ஆல்கஹாலில் 40 சதவீதம் மிச்சம். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் 25 சதவீதம். இரண்டரை மணி நேரம் கழித்தும் 5 சதவீதம் உட்கார்ந்திருக்கும்.

ஒரு துண்டு கேக்கில் அது ரொம்பக் கொஞ்சம்தான். ஆனால் அவன் கேட்டது எவ்வளவு என்று இல்லை, இருக்கா இல்லையா என்று. போய்ச் சொன்னேன். அவன் கத்தவில்லை. "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிருக்கலாம்ல மச்சான்" என்று மட்டும் சொன்னான். நீங்களும் யாருக்காவது பிளம் கேக் கொடுக்கும்போது "ஆவியாகிடும்" என்று சொல்லாதீர்கள். உள்ளே இருப்பதைச் சொல்லுங்கள், சாப்பிடுவதா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு பண்ணட்டும்.

அவனுக்காக ரம் இல்லாத கேக் ஒன்று செய்வது என்று முடிவு பண்ணினேன். செய்முறை? வீட்டில் செய்வதேதான், ரம்முக்குப் பதிலாக திராட்சைச் சாறு. செப்டம்பரில் போட்டால் டிசம்பருக்குள் நன்றாக ஊறிவிடும் என்று கணக்கு. கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, சுமார் 300 கிராம் காய்ந்த திராட்சை வாங்கினேன். சுத்தமாக இருக்கட்டும் என்று கழுவினேன், துடைக்கவில்லை. பன்னீர் திராட்சையைக் கையால் பிழிந்து அரை லிட்டர் சாறு எடுத்தேன், காய்ச்சவில்லை. ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, திருகு மூடியை முழு பலத்தோடு இறுக்கி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மேலே சொன்னதில் நாலு தப்பு இருக்கிறது, படிக்கும்போதே சிலருக்குத் தெரிந்திருக்கும்.

ஐந்தாவது ராத்திரி இரண்டு மணிக்கு 'டொப்'. டியூப்லைட் வெடித்தது என்றுதான் நினைத்தோம். லைட் போட்டுப் பார்த்தால் சுவரெல்லாம் ஊதா. கட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த ரூம்மேட்டின் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப் ரெக்கார்டு மொத்தமும் ஊதா. அறை முழுக்க ஒரு வாசனை, கள்ளுக்கடை மாதிரி. காலையில் வார்டன் வந்து மோந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "கேக் சார்" என்றேன். அவர் நம்பவில்லை, அவர் மீது தப்பில்லை. ஏனென்றால் அந்த டப்பாவில் இருந்தது கேக்குக்கான பழம் இல்லை, ஐந்து நாள் வயசான ஒயின். மது இல்லாத கேக் செய்யப் போய் மதுவையே காய்ச்சியிருக்கிறேன்.

இப்போது கணக்குக்கு வருவோம். எந்த உணவும் கெட்டுப்போவது அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது மட்டும் இல்லை, அந்தத் தண்ணீர் எவ்வளவு சுதந்திரமாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதை வாட்டர் ஆக்டிவிட்டி என்பார்கள். சுத்தத் தண்ணீருக்கு 1. சர்க்கரையோ உப்போ கரையக் கரைய அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எண் இறங்கும். 0.91-க்குக் கீழே பெரும்பாலான பாக்டீரியா வளராது. 0.88 பக்கம் சாதாரண ஈஸ்ட் நின்றுவிடும். 0.80-க்குக் கீழே பெரும்பாலான பூஞ்சையும் அவுட். காய்ந்த திராட்சை 0.5-லிருந்து 0.6 வரை. அதனால்தான் கடையில் மாசக்கணக்கில் சாக்கில் இருந்தாலும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை.

என் டப்பாவுக்கு ரவுல்ட் விதியைப் போட்டுப் பாருங்கள். 300 கிராம் காய்ந்த திராட்சையில் சர்க்கரை 195 கிராம் என்று வையுங்கள். சாற்றில் இன்னொரு 80. மொத்தம் 275 கிராம், குளுக்கோஸ் கணக்கில் சுமார் ஒன்றரை மோல். தண்ணீர் சாற்றிலும் பழத்திலுமாக 470 கிராம், அதாவது 26 மோல். தண்ணீரின் மோல் பின்னம் 0.94 வரும். ஈஸ்ட்டுக்கு 0.88 போதும் என்று இப்போதுதானே பார்த்தோம்? ஆக, பத்திரமாக இருந்த ஒரு பழத்தை எடுத்து, தண்ணீர் கொடுத்து, ஈஸ்ட்டுக்குப் பந்தி விரித்தது நான்தான். ஈஸ்ட் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். திராட்சைத் தோலிலேயே இருக்கிறது. சாற்றைக் காய்ச்சியிருந்தால் செத்திருக்கும்.

அடுத்தது வெடிப்பு. 180 கிராம் குளுக்கோஸ் புளித்தால் 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் சமன்பாடு எழுதி மார்க் வாங்கியதுதான். வெறும் 10 கிராம் சர்க்கரை புளித்தால் அறை வெப்பநிலையில் கிட்டத்தட்ட 2.7 லிட்டர் வாயு. டப்பாவில் மேலே காலி இடம் கொஞ்சம்தான் இருந்திருக்கும். கொஞ்சம் சாற்றில் கரைந்திருக்கும், கொஞ்சம் மூடி வழியாகக் கசிந்திருக்கும், அதற்குப் பிறகும் பிளாஸ்டிக் மூடி தாங்குகிற அழுத்தம் இல்லை அது. சர்க்கரை இருந்ததோ 275 கிராம். இதில் நான் செய்த ஒரே நல்ல காரியம் பிளாஸ்டிக் டப்பா வாங்கியதுதான். அதுவும் காசு இல்லாததால். கண்ணாடி பாட்டிலாக இருந்து, இறுக்கி மூடியிருந்தால், கட்டிலுக்கு அடியிலிருந்து என்ன பறந்திருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. வீட்டில் யாராவது திராட்சை ஒயின் போட்டு பாட்டிலில் அடைத்து வைத்திருந்தால் இன்றைக்கே போன் போட்டு மூடியைத் தளர்த்தச் சொல்லுங்கள்.

அப்படியென்றால் அம்மாவின் பரணி மட்டும் ஏன் வெடிப்பதில்லை? அங்கே நடப்பது வேறு. ஒரு கிலோ பழத்துக்கு அம்மா ஊற்றுவது சுமார் 400 மில்லி ரம். நம் நாட்டு ரம் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும், அப்படியானால் எத்தனால் 171 மில்லி. பழத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் ஈரம் 180 மில்லி என்று வைத்துக்கொண்டால் மொத்தத் திரவம் 580 மில்லி. அதில் எத்தனால் 29 சதவீதத்துக்கு மேல். பெரும்பாலான ஈஸ்ட் 20 சதவீதத்தைத் தாண்டித் தாக்குப்பிடிக்காது. போதாததற்குப் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து அடிக்கிறது. மூன்று மாதம் என்ன, வருஷக்கணக்கில் இருக்கும்.

ஆபத்து எங்கே என்றால், ரம் விலையைப் பார்த்து "பாதி ரம், பாதி ஜூஸ்" என்று போடும்போதுதான். அதே கணக்கில் 200 மில்லி ரம் என்றால் எத்தனால் 15 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அப்படிப் போட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், சில நாட்களில் கேக்கைப் போட்டு முடியுங்கள். பரணியில் ஏற்றி மூன்று மாதம் மறந்துவிடாதீர்கள். (நம் மாநிலத்தில் பாட்டில் வாங்க 21 வயசு ஆகவேண்டும் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? எங்கள் வீட்டில் வாங்கி வருவது மாமா. வருஷத்தில் அந்த ஒருநாள்தான் அவர் கடைக்குப் போவதை அத்தை முறைக்காமல் பார்ப்பார்.)

கெடாது என்பது சரி. ஆனால் ஊறுவதற்கு மூன்று மாதம் தேவையா? இங்கேதான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. 1855-ல் அடால்ஃப் ஃபிக் எழுதிய டிஃப்யூஷன் விதியிலிருந்து ஒரு சுலபமான மதிப்பீடு கிடைக்கும். ஒரு பொருள் இன்னொன்றுக்குள் ஊடுருவ ஆகும் நேரம், தூரத்தின் வர்க்கத்தை டிஃப்யூஷன் எண்ணால் வகுத்தால் வரும். நறுக்கிய பழத்துண்டின் நடுப்பகுதிக்குத் தூரம் 4 மில்லிமீட்டர் என்று வைப்போம். பழத்தின் சதைக்குள் எண் நொடிக்கு 10-ன் அடுக்கு மைனஸ் 10 சதுர மீட்டர் என்ற அளவில் எடுத்தால், விடை 1,60,000 நொடி. இரண்டு நாள்கூட இல்லை, 44 மணி நேரம்! காய்ந்த திராட்சைக்கு மெழுகுத் தோல் உண்டு, முழுசாகப் போட்டால் இன்னும் தாமதமாகும். அதையும் சேர்த்துத் தாராளமாகக் கொடுத்தாலும் இரண்டு வாரத்துக்குள் ஊறல் வேலை முடிந்துவிடும்.

அந்த 'வர்க்கம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். துண்டைப் பாதியாக நறுக்கினால் நேரம் பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடுகிறது. "பொடியா நறுக்கு, பொடியா நறுக்கு" என்று பெரியம்மா கத்திக்கொண்டே இருப்பார், நாங்கள் கை வலிக்கிறது என்று பெரிசு பெரிசாகப் போடுவோம். அவர் ஃபிக்கைப் படித்ததில்லை.

டூட்டி ஃப்ரூட்டியிலும் இதே கதை தலைகீழாக இருக்கிறது. அது பழமே இல்லை, பப்பாளிக்காய். காயை நறுக்கி வேகவைத்து முதலில் லேசான சர்க்கரைப்பாகு, அடுத்தநாள் கொஞ்சம் கெட்டி, அதற்கடுத்த நாள் இன்னும் கெட்டி என்று ஏற்றுவார்கள். எடுத்ததும் கெட்டிப்பாகில் போட்டால் சர்க்கரை உள்ளே போவதற்குள் தண்ணீர் வெளியே ஓடி, துண்டு சுருங்கி வற்றல் ஆகிவிடும். ஆஸ்மாசிஸ். அவசரப்பட்டால் எப்படியும் கெடுகிற பண்டம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

ஆக, இரண்டு வாரம் போதும் என்று கணக்கு சொல்கிறது. மிச்சம் இரண்டரை மாதம்? கொஞ்சம் மணத்துக்கு. கிராம்பு, பட்டை, ஜாதிக்காய், ஆரஞ்சுத் தோல் இவற்றின் வாசனை எண்ணெய்கள் தண்ணீரை விட ஆல்கஹாலில் நன்றாகக் கரையும், மெதுவாக ஒன்றோடொன்று கலக்கும். புதிதாக ஊற்றிய ரம்மின் காரமும் அடங்கும். ஆனால் மூன்று வாரத்துப் பழத்தையும் மூன்று மாதத்துப் பழத்தையும் கண்ணைக் கட்டிக் கொடுத்தால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் புட்டிங் கிளறுவதற்கென்றே ஒரு ஞாயிறு உண்டு, 'ஸ்டிர்-அப் சண்டே'. ஆட்வென்ட் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு. அன்றைக்கு ஆங்கிலிகன் சபையில் வாசிக்கும் ஜெபம் 'கிளறு' என்று பொருள்படும் சொல்லில் தொடங்குவதால் அந்தப் பெயர். அதுவும் நவம்பர் கடைசி வாக்கில்தான் வரும். அவர்களுக்கே ஒரு மாதம்தான்.

அவர்களிடமிருந்து வந்த பண்டம்தானே என்று கேட்பீர்கள். பாதி உண்மை. தலச்சேரியில் மம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரர் 1883-ல் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கைச் செய்தார் என்று சொல்வார்கள். மர்டாக் பிரவுன் என்ற தோட்டக்காரர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்று கேட்டாராம். சேர்ப்பதற்கு பிரெஞ்சு பிராந்தி வாங்கிக்கொள் என்றாராம். பாபுவோ முந்திரிப்பழமும் வாழைப்பழமும் போட்டு வடித்த உள்ளூர்ச் சரக்கை ஊற்றிச் செய்து கொடுத்தார், துரை அசந்துபோனார் என்பது கதை. இப்போது நாம் சாப்பிடும் பிளம் கேக்கில் பிளம் கிடையாது. அங்கேயும் கிடையாது, பழைய ஆங்கிலத்தில் காய்ந்த திராட்சையையே 'பிளம்' என்று சொல்லியிருக்கிறார்கள்.

சரி, அப்புறம் ஏன் செப்டம்பர்? நோட்டில் போட்ட கணக்கை எல்லாம் எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். "அம்மா, ரெண்டு வாரம் போதும். நவம்பர் கடைசில போட்டாலே சரியா இருக்கும்." அம்மா தையல் மெஷினை நிறுத்தாமலேயே சொன்னார். "நவம்பர்ல ஆரு மக்ளே நறுக்குவா?"

எங்கள் அம்மா தையல்காரர். தீபாவளித் துணி முடிவதற்குள் கிறிஸ்துமஸ் துணி வந்து குவியும். அக்டோபர் பிறந்தால் ராத்திரி பதினொன்று வரை மெஷின் ஓடும். டிசம்பர் முதல் வாரத்துக்கு மேல் புது ஆர்டர் வாங்குவதில்லை என்று போர்டு எழுதி வைப்பார், அதன்பிறகும் யாராவது பாவாடைத் துணியோடு வந்து வாசலில் நிற்பார்கள். ஒரு கிலோ பழம் பொடியாக நறுக்க ஒரு முழு மத்தியானம் வேண்டும். அம்மாவுக்கு வருஷத்தில் மிச்சமிருக்கும் கடைசி மத்தியானம் செப்டம்பரில்தான் இருக்கிறது. காசும் அப்படித்தான். ஜூலைச் சம்பாத்தியத்தில் பேரீச்சை, ஆகஸ்டில் காய்ந்த திராட்சை, முந்திரி மட்டும் விலை பார்த்துக் கடைசியில். எல்லாவற்றையும் டிசம்பரில் ஒரே கையாக வாங்குகிற மாதிரி எங்கள் வீட்டில் ஒரு மாதமும் வந்ததில்லை. வாங்கியதை எறும்புக்கும் எங்களுக்கும் தப்பித்து வைக்க ஒரே இடம் அந்தப் பரணி. ரம் மூன்று மாதம் காப்பாற்றும் என்பதால்தான் அம்மா செப்டம்பரில் நறுக்க முடிகிறது. நான் இத்தனை நாள் கேள்வியைப் பழத்திடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், தையல் மெஷினிடம் கேட்கவில்லை.

கேக் போடும் நாளும் இதே மாதிரிதான் முன்கூட்டியே முடிவாகும். எங்கள் தெருவில் பல வீடுகளில் அவன் கிடையாது. மாவைக் கலக்கி பேக்கரிக்குக் கொண்டுபோனால், ரொட்டி சுட்டு முடித்த விறகு அடுப்பின் சூட்டில் வேகவைத்துக் கொடுப்பார்கள், கிலோவுக்கு இவ்வளவு கூலி என்று. டிசம்பர் பத்துக்கு மேல் அங்கே இடம் பிடிப்பது தட்கல் டிக்கெட் மாதிரி. அம்மா அக்டோபரிலேயே சொல்லி வைத்துவிடுவார். இறங்கிய சூடு இந்தக் கேக்குக்குத் தோதாகவும் இருக்கிறது. பழம் நிறைந்த மாவு அடர்த்தியானது, வெப்பம் நடுவுக்குப் போவதிலும் அதே வர்க்கக் கணக்குதான். அனலைக் கூட்டினால் மேலே கருகும், உள்ளே களி. 150, 160 டிகிரியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் விட வேண்டும்.

(டிக்கெட் என்றதும் நினைவு வருகிறது. ரயிலில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது 2024 நவம்பர் 1 முதல். டிசம்பர் 23 ரயிலுக்கு அக்டோபர் 24-லேயே திறந்துவிட்டது. இந்த இதழைப் படித்துவிட்டு இப்போது போய்ப் பார்க்கும் தென்மாவட்ட நண்பர்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.)

இந்த நவம்பரில் ஆரம்பித்தாலும் தாமதமில்லை என்பது கணக்கிலிருந்து உங்களுக்கே தெரிந்திருக்கும். ரம்மில் போடுவதென்றால் பழத்தைக் கழுவக்கூடாது, கழுவினால் துணியில் பரப்பி நன்றாக உலர்த்தியே ஆகவேண்டும். பாத்திரமும் கரண்டியும் ஈரமில்லாமல் இருக்கட்டும். பழம் முழுவதும் மூழ்க வேண்டும், மேலே மிதக்கும் துண்டில்தான் முதலில் பூஞ்சை வரும். நிறத்துக்குச் சர்க்கரையைக் கருக்குவீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. கருகும் சர்க்கரை 180 டிகிரிக்கு மேல் இருக்கும், அதில் தண்ணீர் விழுந்த நொடியில் ஆவியாகிக் கொதிபாகை முகத்தில் தெறிக்கும். அடுப்பை அணைத்துவிட்டு, தள்ளி நின்று, வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். என் அக்காவின் முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.

வெந்த கேக்கை ஆறவிட்டு பட்டர் பேப்பரில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் கழித்துத்தான் ருசி கூடும். எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டால், அண்டார்க்டிகாவில் கேப் அடேர் என்ற இடத்துக் குடிசையில் 2017-ல் ஒரு ஃப்ரூட் கேக் கிடைத்தது. ஸ்காட்டின் டெர்ரா நோவா பயணக் காலத்தது, ஹன்ட்லி அண்ட் பால்மர்ஸ் கம்பெனி தயாரிப்பு, வயசு சுமார் 106. டப்பா துருப்பிடித்துப்போயிருந்தது, கேக் பார்வைக்கும் வாசனைக்கும் கிட்டத்தட்ட சாப்பிடுகிற நிலையிலேயே இருந்ததாம். அங்கே குளிரும் சேர்ந்து காப்பாற்றியது, நாகர்கோவிலில் அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள்.

ரம் வேண்டாம் என்பவர்கள் மாதக்கணக்கில் ஊறவைக்கும் யோசனையையே விட்டுவிடலாம். நறுக்கிய பழம் அரை கிலோ, ஆரஞ்சுச் சாறு கால் லிட்டர், சர்க்கரை 100 கிராம், பட்டை கிராம்பு கொஞ்சம். மெல்லிய தீயில் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, மூடி, ஆறவையுங்கள். சூடு ஏற ஏற டிஃப்யூஷன் வேகமாகும், ஈஸ்ட்டும் செத்துவிடும். ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைத்து மூன்றாம் நாள் கேக் போட்டுவிடலாம். ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் மறுநாள் காலையிலேயே. மூடி தெறிக்காது, விளக்கக் கடிதமும் வேண்டாம்.

ஆயுத பூஜை லீவில் வீட்டில் வைத்து இப்படி ஒன்று செய்து பார்த்தேன். ஒரு சொட்டு ரம் கிடையாது, பாத்திரம் கரண்டி எல்லாம் தனி. ஹாஸ்டலுக்கு வந்ததும் உள்ளே போட்ட ஒவ்வொரு பொருளையும் ஒரு பேப்பரில் எழுதி, கேக்கோடு சேர்த்து ரூம்மேட்டிடம் கொடுத்தேன். அவன் பேப்பரை முழுசாகப் படித்துவிட்டு ஒரு துண்டு எடுத்தான்.

"கொஞ்சம் காய்ஞ்சிருக்கு மச்சான்" என்றான். அப்புறம் இன்னொரு துண்டு எடுத்தான். அந்த ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் ரெக்கார்டில் இன்னும் ஒரு எக்ஸ்பெரிமென்ட் நான் எழுதிக் கொடுக்க வேண்டியது பாக்கி இருக்கிறது.